இடப்பக்க முடிச்சு

“வெளயாடாதீங்க அண்ணி. இது நான் போட்ட முடிச்சு இல்ல.”

“கம்பெனி பஸ்ஸ வுட்டு இப்பதான எறங்கி வரேன், ஷாரோன். நானா போடுவேன்?”

ஜாஸ்மின் ஜெபமாலையை வாங்கிப் பார்த்தாள். கம்பியே இல்லாமல், பழங்காலத்து முறைப்படி, ஒவ்வொரு மணிக்கும் ஒரு முடிச்சாக நூலில் கட்டும் மாலை. ஹேமந்த் கட்டத் தொடங்கியது; அவன் சாகும்போது பாதியில் நின்றிருந்தது. அவன் கல்லறையில் வைப்பதற்காக மனைவியும் தங்கையும் மீதியைக் கட்டி வந்தார்கள்.

புதிய முடிச்சு இடப்பக்கமாகச் சுற்றியிருந்தது. அந்த வீட்டில் இடதுகைக்காரன் அவன் மட்டும்தான். நேற்றும் இப்படி ஒன்று கூடியிருந்தது.

மணிகள் தீர்ந்துவிட்டன. ஷாரோன் கடைசியாகக் கட்ட வேண்டிய சிலுவையை எடுத்தாள். ஜாஸ்மின் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“முடிச்சிட்டா அப்பறம் வரமாட்டாரு. நாம போட்டத மட்டும் அவுத்துடலாமாடி?”