பச்சைத் தலையனின் கடைசி வரி

குரல்பதிவு அறையின் கண்ணாடிக்கு மேலே, பதிவு ஓடுகிறது என்று காட்டும் சிவப்பு விளக்கு எரிகிறது. மைக்குக்கு முன்னால் நிற்கும், எல்லோரும் அக்கா என்று கூப்பிடும் டப்பிங் கலைஞரின் கையில் விளிம்பு நசுங்கிய எவர்சில்வர் டம்ளர். இருபத்தாறு வருஷத்துக்கு முன்னால், பூமியைப் பிடிக்க வந்த வேற்றுக்கிரகக் கார்ட்டூன் வில்லன் பச்சைத் தலையனுக்கு இந்த டம்ளருக்குள் பேசித்தான் அவள் குரல் கொடுத்தாள். வாராவாரம் வருவான், நன்றாக வாங்கிக் கட்டிக்கொள்வான், புகைகிற பறக்கும் தட்டில் ஏறிக்கொண்டு, "இன்னிக்குத் தோத்துட்டேன். நாளைக்கு மறுபடி வருவேன்" என்பான். கல்யாணம் முறிந்த வருஷமும், தொண்டையில் ஆபரேஷன் செய்த வருஷமும் அவள் எழுந்து நின்றது அந்த வரியைப் பிடித்துக்கொண்டுதான். இப்போது அந்தக் கார்ட்டூனைப் புதுசாக எடுக்கிறார்கள். கையிலிருக்கும் தாளில் கடைசி வரி, "என்னை மன்னிச்சிடுங்க" என்று இருக்கிறது. "காலம் மாறிப்போச்சுக்கா. வில்லன் திருந்தணும்," என்கிறான் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருக்கும் டைரக்டர். "திருந்துற அளவுக்கு அவன் என்னப்பா செஞ்சான்? ஒரு எறும்பைக்கூட மிதிச்சதில்ல." "அழுதுகிட்டே சொல்லிடுங்க, போதும்." திரையில் பச்சைத் தலையன் மண்டியிடுகிறான், மூன்று கண்ணிலும் நீர் முட்ட வாயைத் திறக்கிறான். அக்கா தாளைக் கவிழ்த்து வைத்துவிட்டு டம்ளரை வாயருகே கொண்டுபோகிறாள். "இன்னிக்குத் தோத்துட்டேன்." தகரத்தில் ஆணி இழுத்த மாதிரி அந்தப் பழைய குரல் அறை முழுக்க நிறைகிறது. டைரக்டர் நிறுத்தச் சொல்லிக் கை காட்டுகிறான். தலை நரைத்த ஒலிப்பதிவாளர் நிறுத்தும் பொத்தான்மேல் இருந்த விரலை எடுத்து மடியில் வைத்துக்கொள்கிறார். சிவப்பு விளக்கு எரிந்துகொண்டே இருக்கிறது. "நாளைக்கு மறுபடி வருவேன்."