உறைந்த வெற்றிலை

காலை வெயில் வாசலூர்பட்டி ஏரியில் இறங்குகிறது. படகுத்துறையில் கடை வைத்திருக்கும் சுகுணா, இன்று மகள் மேனகாவின் நிச்சயத்தில் மாற்றவேண்டிய வெற்றிலைக் கட்டை ஐஸ்கிரீம் பெட்டியிலிருந்து எடுத்துத் தாம்பாளத்தில் பிரிக்கிறாள். வாடக்கூடாதென்று நேற்று அவளே உள்ளே வைத்தது. தகடாய் விறைத்திருந்த பச்சை, வெயில் பட்டதும் கறுத்துத் துவள்கிறது. வெந்த கீரை மாதிரி விரலில் ஒட்டிக்கொண்டு வருகிறது. “தண்ணி தெளிச்சா நிமிந்துக்குமா கண்ணு?” சுகுணா தாம்பாளத்தை மகள் பக்கம் நகர்த்துகிறாள். தாவரவியல் படித்த மேனகா ஓர் இலையைத் தூக்கிப் பார்க்கிறாள். “நிமிராதும்மா. உள்ள இருந்த தண்ணி ஐஸாகி, செல்லோட சவ்வெல்லாம் கிழிஞ்சுபோச்சு. இனி தண்ணியே உள்ள நிக்காது.” வளைவில் மாப்பிள்ளை வீட்டு வேன் ஹாரன் அடிக்கிறது. சுகுணா தாம்பாளத்தைப் பட்டு முந்தானையால் மூடுகிறாள். முந்தானையில் பச்சைத் தண்ணீர் ஊறிப் பரவுகிறது.