‘ஹஸ்பெண்ட்’ எப்படி வந்தது?

மகள் காதலிப்பதாகச் சொல்லி அழைத்து வந்தவனை அப்பா எதிர் சோபாவில் உட்காரச் சொன்னார். அவருக்கு ஆங்கிலச் சொற்களின் பூர்வீகம் என்றால் உயிர். தரகர் கொண்டுவந்த இரண்டு மாப்பிள்ளைகளும் அவருடைய கேள்விகளில்தான் அடிபட்டுப் போனார்கள்.

“வேலை, சம்பளமெல்லாம் அப்புறம் பேசலாம் தம்பி. விண்டோங்கற வார்த்தை எப்படி வந்துச்சு?”

“தெரியலை சார்.”

மகள் நகத்தைக் கடித்தாள்.

“விண்ட்னா காத்து. அது ‘டோ’ன்னு வந்து மோதற இடம் விண்டோ! சரி, ஹஸ்பெண்ட்?”

“அதுவும் தெரியலை. நீங்களே சொல்லுங்களேன்.”

“பொண்டாட்டி ‘ஹஷ்’னு அதட்டினா ‘பெண்ட்’ ஆகறவன்!”

“அடடா!” என்று அவன் வாயைப் பிளந்தான்.

காபி ஆறிப்போகும்வரை கேள்விகள் தொடர்ந்தன. அவன் ஒன்றுக்குக்கூடப் பதில் சொல்லவில்லை. கடைசியில் அப்பா எழுந்து வந்து அவன் தோளைத் தட்டினார்.

“இவர்தாம்மா நம்ம மாப்பிள்ளை! போன ரெண்டு பேரும் என்னையே திருத்தினாங்க. இவருக்கு ஒண்ணுமே தெரியலை, ஆனா கத்துக்கற ஆசை இருக்கு!”

வாசல்வரை வந்த மகள் கிசுகிசுத்தாள்.

“அப்பா சொன்னதுல எது சரி?”

“அந்தக் காத்து மட்டும். மத்ததெல்லாம் உங்கப்பாவோட சொந்தச் சரக்கு.”

“இங்கிலீஷ் அகராதி போடற ஆபீஸ்ல, எந்த வார்த்தை எங்கேருந்து வந்துச்சுன்னு ஆராயறதுதானே உன் வேலை? எப்படிடா ஒண்ணுமே தெரியாத மாதிரி உட்கார்ந்திருந்தே?”

“ஆபீஸ்ல திருத்தினா சம்பளம் தருவாங்க. இங்கே திருத்தினா பொண்ணு தருவாங்களா?”