சன்னலில் ஒரு வர்க்கமூலம்

குருண் தொழிற்சாலைக்குப் போகும் பேருந்தில், மழைக்குச் சாத்திய சன்னல்கள் மூச்சுக்காற்றால் வெளுத்திருக்கின்றன. நாளை மறுபடியும் எஸ்பிஎம் பள்ளியிறுதிக் கணிதத் தேர்வு எழுதப்போகும் குணசுந்தரி, கண்ணாடியில் விரலால் √72 என்று எழுதுகிறாள். எழுபத்திரண்டை ஒன்பதாகவும் எட்டாகவும் பிரிக்கிறாள். ஒன்பது மூன்றாகி வெளியே வந்துவிட, 3√8 என்று நிற்கிறது. பக்கத்திலிருக்கும் காஞ்சனா கொட்டாவியோடு அந்த எட்டைத் தட்டுகிறாள். "உள்ளுக்கு இன்னும் ஒரு நாலு இருக்குலா அக்கா." குணசுந்தரியின் விரல் ஈரத்தில் வழுக்கி ஓடுகிறது. நாலும் இரண்டாகி வெளியே வருகிறது. 6√2. "வந்துருச்சு!" அவள் போட்ட கூச்சலில் தூங்கிக்கொண்டிருந்த பெண்களெல்லாம் விழிக்க, ஓட்டுநர் சின்னையா பிரேக்கை மிதிக்கிறார். "என்னாம்மா, பாம்பா?" "இல்லண்ணே, விடை!" பேருந்தே சிரிக்கிறது. பின் இருக்கை பிச்சையம்மா தன் பக்கத்துச் சன்னலில் அதே குறியைப் பார்த்துப் போட்டு, உள்ளே தன் வயதை எழுதுகிறாள்: √50. "எனக்குள்ள என்னா இருக்குன்னு பாருடி."