கீழ்வீட்டுப் புகை

கீழ்வீட்டு அல்பேர்ட்டுக்கு வாய் இருக்கிறதா என்பதே இரத்தினத்துக்குச் சந்தேகம். பதினாறு வருஷமாக ஒரே வாசலால் போய்வருகிறார்கள். இவர் வணக்கம் சொன்னால் கிழவர் தலையை ஆட்டுவார், அவ்வளவுதான்.

"இறுமாப்புப் பிடிச்ச மனுசன்" என்று மனைவியிடம் முணுமுணுப்பார்.

அதைக் கேட்கிற தெம்பு இப்போது நேசமலருக்கு இல்லை. புற்றுநோய்க்கு மருந்து ஏற்றத் தொடங்கியதிலிருந்து அவள் உடம்பில் குளிர் குடியேறிவிட்டது. ஹீட்டரை முழுக்கத் திருகிவிட்டு, இரண்டு கம்பளி போர்த்தினாலும் நடுங்கினாள். நெருப்புக்குப் பக்கத்தில் இருக்க ஆசையாயிருக்கு என்று ஒருநாள் சொன்னாள். வருத்தம் வந்தபிறகு அவள் வாய்விட்டுக் கேட்டது அது ஒன்றுதான்.

இரத்தினம் அடுத்த நாளே விறகடுப்பு வாங்கிவிட்டார். கண்ணாடிக் கதவு வைத்த இரும்பு அடுப்பு, ஹோலில் வந்து குந்திக்கொண்டது. பூட்டத்தான் ஆளில்லை. ஜேர்மனியின் டார்ம்ஸ்டாட்டிலும் சுற்றுவட்டாரத்திலும் ஒன்பது பேருக்குப் போன் அடித்தார். எல்லோரும் ஒரே பாட்டைத்தான் பாடினார்கள்: டெர்மின், வந்து பூட்டித் தருகிற நாள், ஏப்ரலில்தான்.

டொக்டர் ஏப்ரலைப் பற்றி ஒன்றுமே சொல்லியிருக்கவில்லை.

கடைசியில் கோயிலில் யாரோ சொல்லி, சயந்தன் அகப்பட்டான். இங்கேயே படித்து, அடுப்புப் பூட்டும் தொழிலுக்கு முறையாக லைசன்ஸ் எடுத்தவன். திங்கட்கிழமை வந்து, கீழும் மேலும் ஏறியிறங்கிப் பார்த்துவிட்டுக் கையை விரித்தான்.

"அண்ணை, இந்த வீட்டுக்கு ஒரு புகைபோக்கிதான். அதிலை கீழ்வீட்டு ஐயாவின்ரை அடுப்புப் பூட்டிக் கிடக்கு. இரண்டாவது பூட்ட ஏலாது."

"ஒருத்தருக்கும் தெரியாமல் பூட்டி விடுங்கோ தம்பி."

"புகை திரும்பி உள்ளுக்கு வந்தால் ஆக்கள் செத்துப்போவினம். நான் மாட்டன்."

அவன் போனபிறகு இரத்தினத்துக்கு மனம் கொதித்தது. தனிக்கட்டைக் கிழவருக்கு நெருப்பு, சாகக் கிடக்கிறவளுக்கு இல்லை. இது எந்த ஊர் நியாயம்?

புதன்கிழமை, நேசமலர் கண்ணயர்ந்த நேரம் பார்த்து, புகைபோக்கிகளைப் பரிசோதிக்கும் அதிகாரிக்குக் கடிதம் எழுதினார். கீழ்வீட்டு அடுப்பின் புகை மாதக்கணக்காய் மேலே வருகிறது, வருத்தக்காரி மூச்சு முட்டிக் கிடக்கிறாள் என்று. உண்மையில் தங்கள் வீட்டுக்குள் ஒரு பொட்டுப் புகைகூட வந்ததில்லை. எழுதக் கை கூசத்தான் செய்தது. ஆனாலும் கையெழுத்து வைத்தார்.

வெள்ளிக்கிழமை, கறுப்புச் சட்டை போட்ட அதிகாரி அல்பேர்ட் வீட்டுக்குள் போவதை யன்னலால் பார்த்தார். பின்னேரமே சயந்தன் போன் எடுத்து, கீழ் அடுப்பைக் கழற்றியாயிற்று, இனிப் புகைபோக்கி உங்களுக்குத்தான் என்றான். கடிதம் வேலை செய்துவிட்டது என்று இரத்தினம் தன் கெட்டித்தனத்தைத் தானே மெச்சிக்கொண்டார்.

அடுத்த கிழமை அடுப்புப் பூட்டியாயிற்று. அதிகாரியும் வந்து பார்த்துச் சரி என்றுவிட்டுப் போனார். சயந்தன் முதல் விறகைப் பற்றவைத்தான். நேசமலர் மெலிந்த கைகளை நீட்டி, வெகுநாளைக்குப் பிறகு சிரித்தாள்.

"அக்கா, கீழ் ஐயாவுக்குத்தான் நீங்கள் நன்றி சொல்லவேணும்" என்றான் சயந்தன். "அண்டைக்குத் திங்கட்கிழமை நான் இறங்கிப் போகேக்கை, ஆருக்கு அடுப்பு எண்டு கேட்டவர். உங்கட வருத்தத்தைச் சொன்னன். எனக்கு ஹீட்டர் காணும் எண்டுபோட்டு, அப்பவே அதிகாரிக்குப் போன் பண்ணித் தன்ரை அடுப்பைக் கழட்டச் சொல்லிப்போட்டார். விறகையும் உங்களுக்கெண்டு கீழை அடுக்கி வைச்சிருக்கிறார்."

இரத்தினம் மனதுக்குள் நாள்களை எண்ணிப் பார்த்தார். திங்கட்கிழமை. அவர் கடிதம் எழுதியது புதன்கிழமை.

சயந்தன் அவர் பக்கம் திரும்பினான்.

"அதிகாரி உங்கட கடிதத்தை அவருக்குக் காட்டினவராம் அண்ணை. இவ்வளவு நாளும் என்ரை புகையாலை அந்த அம்மா கஷ்டப்பட்டது தெரியாமல் போச்சே எண்டு கிழவர் அழுதுபோட்டார். உங்களிட்டை மன்னிப்புக் கேக்கச் சொன்னவர்."

நேசமலர் நெருப்பிலிருந்து முகத்தைத் திருப்பிக் கணவரைப் பார்த்தாள்.

"புகையோ? எங்கட வீட்டுக்கு எப்பயப்பா புகை வந்தது?"