அறுத்தெடுத்த பதினாறு பக்கம்

பதினாறு பக்கம்! பிளேடு வைத்துச் சுத்தமாக அறுத்திருந்தது. சம்பத்துக்கு வந்த கோபத்தில், தோல் அட்டை போட்ட அந்தத் தொகுப்பைத் தூக்கிக்கொண்டு ரஃபியைத் தேடிப் போனார்.

ஆம்பூரில் ஒரே தோல் கம்பெனியில் இரண்டு பேருக்கும் வேலை. சம்பத் ஆபீசில் டைப்பிஸ்ட். ரஃபி அகமது, தோலைத் தடவிப் பார்த்துத் தரம் பிரிக்கிற மேஸ்திரி. நாற்பதை நெருங்குகிற ஆசாமிகள் இருவருக்கும் காமிக்ஸ் பைத்தியம். சம்பத்துக்குப் பேய்க்கதைகள் வரும் 'கறுப்பு வாசல்' என்றால் உயிர். ரஃபிக்கு ராஜா ராணி, பறக்கும் குதிரை என்று வரும் 'மாணிக்கத் தீவு'. எது ஒஸ்தி என்று டீக்கடையில் ஆரம்பித்தால், டீ ஆறி ஏடு படிந்துவிடும்.

வருஷக் கடைசியில் இரண்டு செட்டையும் வேலூருக்கு எடுத்துப்போய் பைண்டிங் செய்து வருவது ரஃபி. கம்பெனியில் கழித்துப்போட்ட ஆட்டுத்தோல்தான் அட்டை. டிசம்பர் இதழை மட்டும் வீட்டுக்குக் கொண்டுவரமாட்டார்கள். ரஃபி வேலூரிலேயே வாங்கி, அப்படியே பைண்டரிடம் கொடுத்துவிடுவார். பசை வாசனையோடு புதுத் தொகுப்பில் படிப்பதில் அவர்களுக்கு ஒரு ருசி.

அந்த 1979 டிசம்பர் இதழில்தான் கத்தி விழுந்திருந்தது. 'பதிமூன்றாம் நம்பர் வீடு' என்ற கதையை முழுசாகக் காணோம்.

"இன்னா ரஃபி இது?"

ரஃபி புத்தகத்தைப் பார்க்கவே இல்லை. "பைண்டர் கை தவறிட்டான் போலிருக்குப்பா."

"பொய் பேசாத. அவன்கிட்ட போன் போட்டுக் கேட்டுட்டுதான் வர்றேன். 'ரஃபி பாய்தான் அறுத்துக் குடுத்தாரு'ன்றான்."

ரஃபி தலையைச் சொறிந்தார். "ஒரு கதைதானே, விடு தோஸ்த். வேணும்னா என் செட்டையும் நீயே வச்சுக்க."

"உன் பறக்கும் குதிரை எனக்கெதுக்கு? என்னோடது ஒஸ்தின்னு வயித்தெரிச்சல் உனக்கு. நான் போகட்டும், என் பொண்ணை நினைச்சுப் பார்த்தியா? அவளும் இதைத்தானே படிக்கிறா!"

கோமளாவுக்கு அப்போது பதினோரு வயசு. குழந்தையில் வெந்நீர் அண்டா சரிந்து முகத்தில் ஒரு பக்கம் வெந்துபோனதிலிருந்து தெருவில் விளையாடப் போகமாட்டாள். பள்ளிக்கூடம் விட்டால் வீடு, வீட்டில் புத்தகம்.

"கோமளாவை நினைக்காம இருப்பனா?" என்றார் ரஃபி மெதுவாக.

"நினைச்சிருந்தா இப்படிச் செஞ்சிருப்பியா? இனிமே என் வீட்டு வாசப்படி மிதிக்காத!"

ரஃபி ஏதோ சொல்ல வாயெடுத்தார். பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டு நடந்தார். அதுவே சம்பத்துக்குக் குற்றத்தை ஒத்துக்கொண்ட மாதிரி இருந்தது.

அந்த இதழை ஆம்பூர் ஸ்டேஷன் கடை, வாணியம்பாடி, வாலாஜாபேட்டை என்று எங்கெங்கோ தேடினார். கிடைக்கவில்லை. 'கறுப்பு வாசல்' கம்பெனியும் அடுத்த வருஷமே படுத்துவிட்டது. தேடத் தேட ரஃபி மேல் கோபம் ஏறியதே ஒழிய இறங்கவில்லை.

ஒரே கேட்டுக்குள் ஆறு வருஷம் போய் வந்தார்கள். பக்ரீதுக்கு ரஃபி கொடுத்தனுப்பிய பிரியாணிகூட திரும்பிப் போனது. போன வருஷம் மாரடைப்பில் ரஃபி போய்ச் சேர்ந்தார். ஜனாஸா தெருவோடு போனபோது சம்பத் உள்ளே உட்கார்ந்து பேப்பர் படித்தார். கால் பரபரத்தது. வீம்பு விடவில்லை.

இந்த வருஷம் வேறொரு கம்பெனி 'கறுப்பு வாசல்' கதைகளை எல்லாம் சேர்த்து ஒரே குண்டுத் தொகுப்பாகப் போட்டது. 'ஒரு பக்கம்கூட விடாமல்' என்று விளம்பரம். சம்பத் லீவு போட்டுவிட்டு வேலூருக்குப் போய் வாங்கி வந்தார்.

பழைய தோல் தொகுப்பைப் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுப் பார்த்தார். புதுசில் காகிதம் மட்டம். மை கையில் ஒட்டியது. பைண்டிங்கோ இரண்டு தடவை பிரித்தால் கழன்றுவிடும். இருந்தாலும் முழுசு!

"கோமளா! இங்க வாம்மா. அந்தக் கதை கிடைச்சுருச்சு. ஏழு வருஷமாச்சு, முதல்ல நீ படி!" என்று, தான் படத்தைக்கூடப் பார்க்காமல், தன் கையாலேயே பக்கத்தைத் திருப்பிக் கொடுத்தார்.

கோமளா வாங்கிப் பார்த்தாள். பக்கம் திருப்பவில்லை.

"இன்னாம்மா, ஆரம்பமே பயமா இருக்கா?" சம்பத் சிரித்துக்கொண்டே எட்டிப் பார்த்தார்.

முழுப் பக்கத்துக்கு ஒரு ஜன்னல். அதில் ஒரு சிறுமி. ஒரு கன்னம் வெந்து சுருங்கிய முகம். தெருவில் பிள்ளைகள் 'பேய்! பேய்!' என்று அலறி ஓடுகிறார்கள்.

சம்பத் புத்தகத்தைப் பிடுங்கக் கையை நீட்டினார். இனி பிடுங்கி என்ன?

"அம்மாடி... எனக்குத் தெரியாதும்மா. சத்தியமா தெரியாது. அவன் ஏன் சொல்லல? எங்கிட்டயாவது சொல்லியிருக்கலாமே!"

கோமளா புத்தகத்தை மூடி மடியில் வைத்துக்கொண்டாள்.

"எனக்கு இந்தக் கதை தெரியும்ப்பா. ரஃபி மாமா பைண்டிங்கைக் குடுக்க வந்தப்ப நீங்க வீட்ல இல்ல. நடுவுல கதையக் காணோமேன்னு கேட்டேன். உட்கார்ந்து அவரே முழுசாச் சொன்னாரு. நீங்கதான் அப்புறம் அவர் பேரையே எடுக்க விடலியே."

"இதையா... இதையா உனக்குச் சொன்னான்?"

"இதேதான். ஜன்னல், அந்தப் பொண்ணு, கன்னம்கூட. ஆனா மாமா சொன்னதுல தெருப் பிள்ளைங்க ஓடலப்பா. அவங்க ஊருக்கு ராணி கிடைச்சுட்டான்னு ஜன்னலுக்குக் கீழ வந்து கூப்பிட்டாங்க."