கெண்டைக்கால் காயம்

"ஏன்யா, கேப்டன் விலாவுல இருந்த குண்டையே தோண்டி எடுத்தவன் நீ. அந்த ஓடிப்போன பயலுக்குக் கெண்டைக்கால்ல ஒரு சின்னக் காயம். அத ஆத்த முடியலையா உன்னால?"

சோப்பு நுரைக்குள்ளிருந்து மேஜர் லோஸ்வித்ஸ் கேட்டார். பிரஷ்யப் படையில் காயத்துக்குக் கட்டுப் போடுகிற வைத்தியன்தான் காலையில் அதிகாரிகளுக்குச் சவரமும் செய்ய வேண்டும்.

வைத்தியன் பல்தசாரின் கத்தி மேஜரின் தொண்டையில் நிதானமாக இறங்கியது.

"கெட்ட ரத்தம்ங்க மேஜர். மெதுவாத்தான் ஆறும்."

"கெட்டது அவன் ரத்தமா, உன் கையா?"

கூடாரத்தில் இருந்த அதிகாரிகள் சிரித்தார்கள். பல்தசார் காதில் போட்டுக்கொள்ளவில்லை. தன் கையைப் பற்றி அவனுக்கு ஒருநாளும் சந்தேகம் வந்ததில்லை.

யோஸ்ட் என்கிற அந்தச் சிப்பாய் அறுவடைக்கு லீவு கேட்டிருந்தான். போர் நடக்கும்போது யார் கொடுப்பார்கள்? வாயும் வயிறுமாக இருக்கிற மனைவி வயலில் தனியாகக் கிடந்து அல்லாடுவாளே என்று நினைத்து, யாரிடமும் சொல்லாமல் கிளம்பிவிட்டான். காலில் சுட்டுப் பிடித்து வந்தார்கள்.

தண்டனை கொடுமையானது. இருநூறு பேர் பிரம்போடு இரண்டு வரிசையாக நிற்பார்கள், நடுவில் வெற்று முதுகோடு நடக்க வேண்டும். நடந்தவர்களில் பாதிப் பேர் பிழைப்பதில்லை.

ஆனால் காயம் ஆறாதவனை அந்த வரிசைக்குள் விடக்கூடாது என்பது படையின் விதி. பனிக்காலம் வரை ஆறவில்லையென்றால் தண்டனையும் கிடையாது. இனிப் படைக்கு ஆகமாட்டான் என்று வீட்டுக்கே அனுப்பிவிடுவார்கள்.

அதனால்தான் காயம் ஆறவில்லை.

கட்டு மாற்றும்போதெல்லாம் பல்தசார் புண்ணுக்குள் காய்ந்த பட்டாணி ஒன்றை வைத்துக் கட்டினான். அது உள்ளே இருக்கும்வரை எந்தப் புண்ணும் மூடாது. கெட்ட நீர் வடிவதற்கு வைத்தியர்கள் வழக்கமாகச் செய்கிற வேலைதான். வடிய வேண்டிய கெட்ட நீர் யோஸ்ட்டிடம் இல்லை, அவ்வளவுதான்.

மேஜர் விடுகிற ஆளில்லை. தலைமை வைத்தியர் கெம்னரையே வரவழைத்துவிட்டார். போருக்குப் பயந்து நொண்டுவதுபோல் நடித்தவர்களை ஒரே அதட்டலில் நடக்க வைத்த மனிதர். மூக்குப்பொடி டப்பியைத் தட்டிக்கொண்டே வந்து சேர்ந்தார்.

"நீங்க வெளிய நில்லுங்க மேஜர். சீழ் நாத்தம் உங்களுக்குத் தாங்காது."

மேஜர் வெளியே போனதும் கெம்னர் கட்டைப் பிரித்தார். பட்டாணி அவர் உள்ளங்கையில் உருண்டது. யோஸ்ட் கண்களை இறுக மூடிக்கொண்டான்.

பல்தசார் பின்வாங்கவில்லை. "வச்சது நான்தாங்க ஐயா. அவனுக்கு ஒண்ணும் தெரியாது. தண்டனைன்னா எனக்குக் குடுங்க."

கெம்னர் அவனை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு கூடார வாசலைப் பார்த்துக் குரலை உயர்த்தினார்.

"மேஜர்! உங்க ஆளு சவரம் பண்ணத்தான் லாயக்கு. இந்தப் புண்ணு இப்போதைக்கு ஆறாது!"

வெளியே மேஜர் விழுந்து விழுந்து சிரிப்பது கேட்டது. பல்தசாருக்கு எதுவும் புரியவில்லை.

கெம்னர் அவன் பக்கம் குனிந்தார்.

"பட்டாணி ரொம்பச் சின்னதுய்யா. பனிக்காலம் வரைக்கும் தாங்காது."

மூக்குப்பொடி டப்பியைத் திறந்தார். அதில் பொடி இல்லை. டப்பி நிறைய, அதைவிடப் பெரிய காய்ந்த பட்டாணிதான் இருந்தது.